கரடியும் காய்ச்சலும்

— அந்த சாக்ஸ இப்படிக் குடு. அஞ்சு நாளும் இந்த ஒரே ஜோடிதானா? பக்கெட்டுல போட்டதும் தண்ணியே கறுத்துப் போச்சு.

— நானே துவைச்சுக்கறேன்க்கா. நீ இப்பத்தான் கடையிலேருந்து வந்திருக்க.

— இருக்கட்டும். காட்டுக்குப் போகத்தான் குடுத்து வைக்கல, காட்டுச் சேத்தையாவது தொட்டுப் பாத்துக்கறேன்.

— ஆரம்பிச்சிட்டியா?

— ஆமா, ஆரம்பிச்சிட்டேன். இந்த அஞ்சு நாளும் கண்ணாடிக் கடையில ஒவ்வொருத்தர் மூஞ்சிக்கு நேரா லென்ஸ மாத்தி மாத்தி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா"ன்னு கேட்டுட்டு இருந்தேன். மனசு பூரா நீ இப்ப எந்த மரத்தடியில உக்காந்து எதப் பாத்துட்டு இருப்பன்னே ஓடிச்சு.

— பாக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லக்கா. மழை, அட்டை, ஈரக் கூடாரம். ரெண்டு நாள் மலையேறிப் போய் எதுவோ போட்டுட்டுப் போன சாணியைச் சுத்தி நின்னு போட்டோ எடுத்தோம்.

— கரடி?

— கரடியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

— ஒண்ணுகூடவா?

— நம்பலன்னா போ.

— சரி, ஆத்த எப்படித் தாண்டினீங்க? இன்னும் அந்தக் கம்பித் தொட்டிதானா?

— அதேதான். இரும்புக் கயித்துல தொங்கும். ஒவ்வொருத்தரா உக்காரணும், அந்தக் கரையிலேருந்து இழுப்பாங்க. நடு ஆத்துல வந்து நின்னு ஒரு ஆட்டம் ஆடும் பாரு.

— கீழ தண்ணி தெரியுமா?

— யாருக்குத் தெரியும்? நான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். இதையே போன்ல ரெண்டு வாட்டி கேட்டியே.

— சும்மாதான் கேட்டேன். பல்லியப் பாத்தா கட்டில் மேல ஏறி நிக்கறவ நீ. உனக்குப் போய் கரடிக் காடு! எட்டாங்கிளாஸ்லேருந்து கரடிப் படமா வெட்டி அலமாரிக் கதவுல ஒட்டினவ நான். அதே காலேஜ், அதே மேடம், அதே டூர். பேரு மட்டும் மாறிப் போச்சு.

— உன் பைனாகுலர நீயேதானே என் கழுத்துல மாட்டி அனுப்பின?

— மாட்டினேன். மாட்டிட்டு வயிறெரிஞ்சேன். நீ தெருவத் தாண்டறதுக்குள்ள, இவ கண்ணுல ஒண்ணுகூடப் படக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். போதுமா?

— அப்ப வேண்டுதல் பலிச்சிடுச்சு. சந்தோஷப்படு.

— இரு. பேன்ட் பாக்கெட்டுல என்ன இது, நோட்டா?

— அக்கா, அத வை! அது காலேஜ் நோட்டு!

— "நாலாம் நாள், காலை ஆறு பத்து. தாய்க் கரடி ஒண்ணு, குட்டி ரெண்டு. ஓடைக்கரை, நூறடி தூரம். தாய் கல்லைப் புரட்டப் பாக்குது, ஒரு குட்டி அந்தக் கல்லு மேலயே ஏறி உக்காந்துக்குது." இது யாரு கையெழுத்து?

— பாத்தத அங்கயே, அப்பவே எழுதணும்னு மேடம் கண்டிஷன் போட்டாங்க.

— இருபது நிமிஷம்னு போட்டிருக்க. இருபது நிமிஷம் கண்குளிரப் பாத்துட்டு வந்து எனக்குச் சாணிக் கதை சொல்றியா!

— வாசல்ல நின்ன பாரு, உன் மூஞ்சியப் பாத்ததும் எனக்குச் சொல்ல வாய் வரல.

— பாவம் பாத்தியாக்கும்? அதுதான்டி இன்னும் எரியுது.

— பாவம் பாத்து இல்லக்கா. மனசு குத்திச்சு. அந்தக் குட்டியப் பாக்கப் பாக்க, இதெல்லாம் அக்கா பாத்திருக்க வேண்டியது, நான் தட்டிப் பறிச்சதுன்னு தோணிட்டே இருந்துச்சு.

— நீ எங்க பறிச்ச? ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் கிளம்பற அன்னிக்குக் காலையில உனக்குக் காய்ச்சல். அம்மாவுக்கு லீவு கிடைக்கல. நான் நின்னுட்டேன். அதுக்கு நீ என்ன பண்ணுவ?

— காய்ச்சலே இல்லக்கா.

— என்ன உளர்ற?

— காய்ச்சலே இல்ல. ஒரு வாரமா வீடு பூரா அக்கா, அக்கா, கரடி, கரடி. உனக்குப் புது ஷூ, புது பை. என்னை ஒரு ஆளாவே யாரும் கண்டுக்கல. பதிமூணு வயசு எனக்கு, பொறாமையில வெந்துட்டு இருந்தேன். தெர்மாமீட்டர எடுத்து வெந்நீர் டம்ளர்ல வச்சுட்டுப் போர்வைக்குள்ள படுத்துட்டேன். ஆறு வருஷமா இத முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. அடிக்கணும்னா அடிச்சிடு.

— எவ்வளவு நேரம் வச்ச?

— என்னது?

— வெந்நீர்ல. எவ்வளவு நேரம்?

— ஒரு நிமிஷம் இருக்கும். அது எதுக்கு இப்ப?

— நூத்தி எட்டு காட்டிச்சு. கோடு கடைசி வரைக்கும் போயிருந்துச்சு. நூத்தி எட்டுக் காய்ச்சல்ல எவளாவது போர்வைக்குள்ள மிட்டாய் மென்னுட்டு இருப்பாளா?

— அப்பவே தெரியுமா? தெரிஞ்சுமா நீ போகல?

— முந்தின நாள்தான் மேடம் அந்தக் கம்பித் தொட்டியோட போட்டோவ எல்லாருக்கும் காட்டினாங்க. எனக்குக் கையெல்லாம் வேர்த்துப் போச்சு. பயமா இருக்குன்னு யார்கிட்டயும் சொல்ல வெக்கம். நீ கண்ண மூடிக்கிட்டாவது ஏறி உக்காந்துட்டடி.

— அக்கா...

— நூத்தி எட்டுன்னா அம்மா நம்பியிருக்க மாட்டாங்க. நான்தான் அத உதறி நூத்தி மூணுக்கு இறக்கி, அம்மாகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன்.