போர்டுல மொதப் பேரு

அய்யய்யோ, அந்தப் பொட்டியை இடுப்புக்குப் பின்னால சொருகாதீங்க. மைக்கு பேட்டரி பொட்டியைத்தான் சொல்றனுங்க. முதுகுல எறங்கற வேர்வை பூராவும் நேரா அதுக்குள்ளதான் போகும். ரெண்டு பாட்டு முடியறதுக்குள்ள தவளை கத்தற மாதிரி ஒரு சத்தம் வரும், அப்பறம் அதுவும் வராது. நா எத்தனை மைக்கைக் கொன்னுபோட்டு இதைக் கத்துக்கிட்டேன் தெரியுங்களா? கைப்பட்டை ஒண்ணு வாங்கி தோளுக்குக் கீழ கட்டிக்கங்க, அதுல வைங்க. குடுங்க, நா கழட்டறேன். இந்தப் பையில போட்டு வெச்சுக்கறேன், இருக்கட்டும்.

ஆமாங்க, நாந்தான் கனிஷ்கா. போன வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்த ஜிம்முல காலை லேடீஸ் பேட்ச் என்னோடதுதான். தூக்கிட்டாங்கன்னு நேரா சொல்லுங்க, எதுக்கு மென்னு முழுங்கறீங்க? எம்.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ் படிச்சுக்கிட்டே விடியக்காலையில எந்திரிச்சு வந்து, இந்த நிக்கற சைக்கிளை எல்லாம் ஓட வெச்ச ஆளு நானு. நிக்கற சைக்கிளு எங்க ஓடும்னு சிரிக்காதீங்க. ஓடும். நீங்க சொல்ற விதத்துல இருக்குது.

உங்க மேல எனக்கென்னங்க கோவம்? மேட்டுப்பாளையத்துல இருந்து மொத பஸ்ஸைப் புடிச்சு வடவள்ளி வந்திருக்கறீங்க. மதன்குமார்தானுங்களே? இன்னைக்கு கிளாஸ் நல்லா நடந்துச்சுன்னா பேட்ச் உங்களுக்குன்னு ஓனர் சொல்லியிருக்காரு. அங்கப்பன் சார் சொன்னா சொன்னதுதான். அதுதான் அவருகிட்ட இருக்கற கோளாறே.

செரி, அடுத்தது போனு. கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஏரோப்ளேன் மோடுல போட்டுருங்க. போட்டதும் புளூடூத் அமந்துபோகும், அதை மட்டும் மறுபடி ஆன் பண்ணிக்கங்க. பாட்டெல்லாம் ஊட்லயே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோணும். நெட்டை நம்பாதீங்க, பாட்டு உச்சத்துக்குப் போறப்பத்தான் அது சுத்த ஆரம்பிக்கும். சைலண்ட்ல போட்டாப் பத்தாதுங்களான்னா? பத்தாதுங்க. பட்டவ சொல்றேன். ஒருநா எல்லாரும் பெடல் மேல எந்திரிச்சு நின்னு மூச்சு வாங்க மிதிச்சுட்டு இருக்காங்க. நடுவுல போனு வந்துச்சு. அதைக் கட் பண்றேன்னு கை தவறி எடுத்துத் தொலைச்சுட்டேன். அந்தியூர் அத்தை கொரலு, இந்தா இந்த ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே நேரத்துல. ஏங் கண்ணு, மாப்பிள்ளைப் பையனுக்கு நெத்தி கொஞ்சம் ஏறித்தான் இருக்குது, ஆனா தோட்டம் இருக்குதாமா, அப்பிடின்னு. அத்தனை காலும் நின்னுபோச்சுங்க. ஒரு பெடல் சத்தம் இல்லை. பின் வரிசையில இருந்து ஒரு அக்கா, தோட்டத்துக்குத் தண்ணி எப்படின்னு கேளு அம்மணின்னு சொல்லுது!

இல்லைங்க, அந்தச் சம்பந்தம் அமையலை. தண்ணி இல்லை.

அடுத்து, ஸ்பீக்கருக்கு தனியா ஒரு பேரு வெச்சு, யாரு வேணா சேந்துக்கற மாதிரி இருக்கறதை ஆஃப் பண்ணி வைங்க. இல்லாட்டி கீழ பேக்கரி கோவிந்தராஜுலு அண்ணன் போனு தானா வந்து ஒட்டிக்கும். அவரு காலையில கடை தொறக்கறப்ப சாமிப் பாட்டு போடறவரு. நானு வெசையா, இன்னும் வெசையான்னு கத்தறேன், மேல இருந்து மணிச் சத்தமும் பக்திப் பாட்டுமா வருது. பாதிப் பேரு ஒரு கையில ஹேண்டில், இன்னொரு கையால கன்னத்துல போட்டுக்கறாங்க. என்ன கொடுமைன்னா, அன்னைக்குத்தான் எல்லாரும் ஒரே தாளத்துல மிதிச்சாங்க.

வயரைச் சுத்திட்டே பேசறனேன்னு பாக்காதீங்க, கைக்கு ஏதாச்சும் வேலை வேணும் எனக்கு. ஆறு ஆயிருச்சுங்களா? வருவாங்க, வருவாங்க. பாலு காய்ச்சி வெச்சுட்டு, டிபன் கட்டிட்டு வரோணுமில்லைங்க.

இந்த நெஞ்சுப் பட்டை. இதயத் துடிப்பு எண்ணறது. உள்பக்கம் இருக்கற இந்த ரப்பரைத் தண்ணியில நனைச்சுத்தான் கட்டோணும். காஞ்சு இருந்தா எடுக்காது. கட்டச் சொல்லும்போதே சொல்லிருங்க. மொத நாளு சாமியாத்தா பெரீம்மா நனைக்காமக் கட்டிக்கிட்டாங்க, போர்டுல சைபர் காட்டுது. ஏங் கண்ணு, நா இருக்கறனா போயிட்டனான்னு கேட்டாங்க பாருங்க. சத்தமா, முழு மூச்சுல, மிதிச்சுட்டே. அறுவது தாண்டினவங்க. எனக்கு அவங்களை அன்னைக்கே புடிச்சுப்போச்சு.

அப்பறம் இதோ, இந்த மகாராசா. போர்டுங்கறது இந்த டீவிதானுங்க.

நல்லா இருக்குதுதானுங்க, யாரு இல்லைன்னா? செவுரு அளவு. யாரு எவ்வளவு டைட் வெச்சு எத்தனை வேகமா மிதிக்கறாங்கன்னு கணக்குப் போட்டு, பேரோட, மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் வரிசையாக் காட்டும். அங்கப்பன் சாரு இதை வாங்குன அன்னைக்கு மாலை போடாத கொறைதான். போட்டி இருந்தாத்தான் ஒடம்பு வளையும்னாரு. கிளாஸ் முடிஞ்சதும் போர்டைப் போட்டோ எடுத்து வாட்ஸாப் குரூப்ல போடுவாரு. அந்தக் குரூப்ல மிதிக்கறவங்க மட்டும் இல்லைங்க, ஊட்டுக்காரங்க, மகன், மச்சாண்டாரு, எல்லாரையும் சேத்து வெச்சிருக்காரு. உற்சாகமாம்!

இதுல என்ன தப்பா? ஏனுங்க, இந்தப் பேட்ச்ல யாரு யாரு வாராங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? பாதிக்குப் பாதி மாமியாரும் மருமகளும். ஒரே ஸ்கூட்டர்ல வருவாங்க, பக்கத்துப் பக்கத்துச் சைக்கிள்ல ஏறுவாங்க. இப்பச் சொல்லுங்க. மேல மருமக பேரு, கீழ மாமியார் பேரு. அந்தப் போட்டோ வெயிலு ஏர்றதுக்குள்ள சொந்தபந்தம் பூராவும் போயிருது. அன்னைக்கு அந்த ஊட்ல சட்னி எப்படி இருந்திருக்கும்?

நல்லா மிதிச்சுட்டுப் போகட்டுமேன்னு சொல்றீங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? ஆகலையா? அப்ப விடுங்க.

பிரத்யுஷான்னு ஒரு அக்கா. சாமியாத்தா பெரீம்மா மருமக. காலேஜ்ல கபடி ஆடுனவங்க. அந்தத் தொடையைப் பாத்தீங்கன்னா டைட் வெக்கற இந்த நாப்பை முழுசாத் திருகி வெச்சாலும் பஞ்சு மாதிரி மிதிப்பாங்கன்னு தெரியும். ஆனா தினமும் மொதப் பேரு பெரீம்மாவோடது, அவங்க பேரு அதுக்கு ஒரு வரி கீழதான் நிக்கும். ஒரே ஒரு வரி. எப்படின்னு கவனிச்சேன். போர்டை ஓரக்கண்ணுல பாத்துட்டே இருக்காங்க. தன் பேரு மேல ஏறப் போற மாதிரி இருந்தா, தண்ணி பாட்டில் எடுக்கற மாதிரி குனிஞ்சு நாப்பைத் தளத்திர்றாங்க. அப்பறம் பாத்தா, அவங்க மட்டும் இல்லைங்க. எல்லா மருமகளும் தண்ணி குடிச்சுட்டே இருக்காங்க! இந்த ஒரு பேட்ச்ல மட்டும் எதுக்குடா இத்தனை தாகம்னு நெனச்சிருக்கேன் நானு.

போட்டின்னா என்னங்க? ரெண்டு பேரும் ஓடறது. இங்க ஒருத்தர் ஓடறாங்க, இன்னொருத்தர் ஓட முடியாத மாதிரி நடிக்கறாங்க. அந்த நடிப்புக்கு வேற தனியா மூச்சு வாங்குது. கால் வலி கொறையோணும், முதுகு நேராகோணும்னு வந்த பொம்பளைங்க, இங்கயும் வந்து ஊட்ல செய்யற அதே வேலையைச் செஞ்சுட்டுப் போறாங்க. இதை நா ஓனர்கிட்டச் சொன்னேன். பேரை எடுத்துருங்க, சைக்கிள் நம்பரைப் போடுங்க, அவங்கவங்க நேத்து எவ்வளவு மிதிச்சாங்கன்னு மட்டும் காட்டுங்க, செட்டிங்ஸ்ல ரெண்டே தட்டுல மாத்திரலாம்னேன். டீவியில பேரு வராட்டி அப்பறம் டீவி எதுக்குங்கறாரு. அந்தக் கேள்வியை நா உங்களுக்கு முன்னாலயே கேட்டேன்னு சொன்னேன். அதுக்கு மேல பேச்சு நல்லா இல்லை.

அப்பறம் ஒரு புதன்கிழமை நடந்துபோச்சு. என்ன பாட்டுன்னு நெனப்பில்லை, பிரத்யுஷா அக்கா கண்ணை மூடிக்கிட்டாங்க. அவ்வளவுதான். நாப்பைத் தளத்த மறந்துட்டாங்க. நா பாத்துட்டே இருக்கேன், பேரு ஏறுது, ஏறுது, எல்லாரையும் தாண்டிப் போய் உச்சியில நிக்குது. ரெண்டாவது பேரு எங்கயோ கீழ. கண்ணைத் தொறந்து போர்டைப் பாத்தாங்க பாருங்க, திருடு கொடுத்தவங்க மொகம்கூட அப்பிடி இருக்காது. போட்டோ குரூப்புக்குப் போயிருச்சு. மச்சாண்டாரு கட்டை விரல் போட்டாரு. அதோட பெரீம்மா மருமகளோட பேசறதை நிறுத்திட்டாங்க. அடுத்த நாள்ல இருந்து பிரத்யுஷா அக்கா வரலை.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. யாரையும் கேக்காம போர்டுல இருந்து எல்லாப் பேரையும் எடுத்துபோட்டேன். நம்பரு மட்டும். ஓனர் வந்தாரு, பாத்தாரு, வெள்ளிக்கிழமையோட போதும்னாரு. இன்னைக்குக் காலையில மறுபடி பேரெல்லாம் ஏத்தி வெச்சிருக்காரு, பாருங்க. மேல இருந்து கீழ வரைக்கும் பேரு. கீழ ஒரு சைக்கிள்லயும் ஆளில்லை.

ஆமாங்க. நானும் கடியாரத்தைப் பாத்துட்டுத்தான் இருக்கறேன்.

கொஞ்சம் அந்த ஸ்டாண்டு திருகாணியைத் தளத்துங்க. ஸ்பீக்கரை எறக்கிர்லாம். சொல்றேன், சொல்றேன், எறக்கிட்டே கேளுங்க.

சனிக்கிழமை சாமியாத்தா பெரீம்மா எங்கூட்டுக்கு வந்தாங்க. நா என்ன பேசோணும்னு மனசுக்குள்ள பட்டிமன்றமே நடத்தி வெச்சிருந்தேன். மருமகளும் மனுசிதானுங்களேன்னு ஆரம்பிக்கலாம்னு வாயைத் தொறக்கறேன், அவங்க உள்ளகூட வராம நடையில நின்னுட்டே கேக்கறாங்க. ஏங் கண்ணு, அவ எத்தனை நாளா எனக்கு விட்டுக் குடுத்துட்டு இருந்தா?

நடத்தி வெச்ச பட்டிமன்றத்துல மொதக் கேள்வியிலயே எனக்குத் தோல்விங்க. எனக்கு!

பருத்திக் காட்டுல நின்ன ஒடம்பு, மூணு புள்ளை பெத்த ஒடம்பு, மருமக போட்ட பிச்சையில மொத எடம் எனக்கெதுக்குங்கறாங்க. மொதல்ல வந்தேன் மொதல்ல வந்தேன்னு அவிநாசிச் சம்பந்திக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேனே, அத்தனை பேரும் மனசுக்குள்ள சிரிச்சிருப்பாங்களேன்னு சொல்லும்போது கண்ணு கலங்கிருச்சு. அவகிட்டப் பேசலைன்னா கோவத்துல இல்லை கண்ணு, எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் பேசறதுன்னாங்க. நா ஏழாவது வாரேன், எட்டாவது வாரேன், அது என்னோட எட்டாவதா இருக்கட்டும். ஆனா அதை ஊருக்குப் போட்டோ புடிச்சு அனுப்பறதுக்கு இவன் யாருன்னு ஒரு சத்தம்.

இதைக் கேட்டுட்டு அடுப்படியில இருந்து எங்கம்மா வந்துச்சு. கீதான்னு பேரு, இந்தா, கதவோரச் சைக்கிள் அதோடது. கரண்டியோடவே வந்துச்சு. பெரீம்மாவும் அதும் பேசுன பேச்சு ரெண்டே நிமிசம். நேத்துக்குள்ள எல்லா ஊட்டுக்கும் சேதி போயிருச்சு. போர்டுல இருந்து பேரு எறங்கற வரைக்கும் சைக்கிள்ல யாரும் ஏர்றதில்லை.

ஆமாங்க, இன்னைக்கு யாரும் வர மாட்டாங்க. எல்லாரும் பின்னால தெருவுல எங்கூட்டு மொட்டை மாடியில இருக்காங்க. பிரத்யுஷா அக்காவும்தான், மாமியார் கூடவே ஸ்கூட்டர்ல வந்து எறங்குச்சு. கும்மி அடிக்கப் போறாங்களாம். வட்டமாச் சுத்தறதுல மொதல்ல யாரு, கடைசியில யாருன்னு எந்த டீவியில காட்டுவாருன்னு பெரீம்மா கேக்குது. பாட்டுக்கு ஸ்பீக்கர் வேணுமில்லைங்க? அதுக்குத்தான் நா வந்ததே.

உங்க பொழப்பு போகாதுங்க, பதறாதீங்க. பேரை எடுக்கட்டும், அத்தனை பேரும் நாளைக்கே வந்து ஏறுவாங்க. அப்பறம் இந்தப் பேட்ச் உங்களுக்கா எனக்கான்னு நாம ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கலாம். நா விடறதா இல்லை, இப்பவே சொல்லிப்போட்டேன். அது நேர்மையான சண்டை. நீங்களும் தண்ணி பாட்டிலுக்குக் குனியாமப் போடோணும்.

ஓனருக்கா? போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டாரு. கையில தட்டு இருக்கும். அத்தனை பேருக்கும் சுக்குக் காப்பி போட்டு எங்கம்மா அவருகிட்டத்தான் குடுத்து மாடிக்கு அனுப்பிட்டு இருக்குது. காப்பி எத்தனை தடவை வேணாலும் கொண்டாந்து தாரேன், பேரை மட்டும் எடுக்க மாட்டேன்னு ஒவ்வொரு தடவை ஏறும்போதும் சொல்லிட்டுத்தான் ஏர்றாரு. மூணாவது தடவை கொஞ்சம் கொரலு கொறஞ்சிருந்துச்சு.

எனக்கெப்படித் தெரியும்னா? டம்ளர் கழுவிக் குடுத்துட்டுத்தானுங்க நா வந்தேன். எங்கப்பாதானுங்க அவரு. சொல்லலைங்களா நானு?

செரி, நீங்க அக்கட்டால, அந்த முனையைப் புடிங்க, கனமா இருக்கும். மாடிக்குப் போனதும், கிளாஸ் எடுக்காம இங்க என்ன பண்றீங்கன்னு அவரு கேப்பாரு. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். காப்பியை மட்டும் வாங்கிக்கங்க.