மச்சான் அனுப்பின கவர்

— என்னங்க, இந்தக் கவருக்கு நான் ரசீது போட மாட்டேன். திருப்பிக் கொடுத்துடுங்க.

— அட, ஏம்மா? உன் கூடப்பொறந்த அண்ணன் பணம்மா!

— அண்ணன்தான், இல்லேங்கலை. ஆனா அவரு பாஸ்போர்ட் இப்போ வேற நாட்டோடது. வெளிநாட்டுக்காரங்ககிட்ட தேர்தல் நன்கொடை வாங்கக் கூடாதுங்கிறது சட்டம். என்னைப் பொருளாளர் ஆக்கினது யாரு, நீங்கதானே?

— கட்டின பொண்டாட்டியாச்சே, அனுசரிச்சுப் போவேன்னு நினைச்சேன். அட, இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு! முழுப் பணமும் வராம நோட்டீஸைத் தர மாட்டேன்னு அச்சகக்காரர் கட்டு மேல ஏறி உக்காந்துட்டாரு. சைக்கிள் ரிப்பேர் பண்ற கையால எத்தனை சுவர்ல எழுதுவேன் நான்?

— எழுதுங்க. நான் பெயின்ட் வாளி பிடிக்கிறேன்.

— சரி, ஒரு யோசனை. உங்கப்பா பேர்ல ரசீது போட்டுடு. அவரு உள்ளூர்தானே?

— ஏன், இந்த வயசுல எங்கப்பா கோர்ட்டு படி ஏறணுமா?

— வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்கிறியேம்மா!

— உடைஞ்சா உடையட்டும். ஓட்டுப் போடுறது நம்ம வார்டு. காசு மட்டும் கடல் தாண்டி வந்தா, நாளைக்கு மன்றத்துல எழுந்து யாருக்குப் பேசுவீங்க? நம்ம தெருவுக்கா, காசு கொடுத்தவருக்கா?

— மச்சான் அப்படி என்ன கேட்டுட்டாரு? ஒண்ணே ஒண்ணுதான்.

— ஓ, கேட்டாச்சா! என்ன அது?

— ஆத்தோர மைதானம் இருக்குல்ல, புள்ளைங்க பந்து விளையாடுறது. அங்க குடோன் கட்ட ஒரு கம்பெனி வருதாம். நான் ஜெயிச்சா அதுக்குக் கை தூக்கணுமாம்.

— எங்க அண்ணனுக்கு எதுக்குங்க குடோன்? அவரே இதைச் சொன்னாரா?

— இல்லம்மா. கோட்டுப் போட்ட ஒருத்தர் கவரோட கடைக்கு வந்தாரு. மச்சானோட கூட்டாளியாம். அவருதான் சொன்னாரு. ரெண்டு டீ வாங்கிக் கொடுத்தேன், என் காசுல!

— போனை எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க... அண்ணே, நான்தான் பேசுறேன்.

— தங்கச்சியா? சுருக்கமா சொல்லும்மா, போன் காசு ஏறுது.

— கூப்பிட்டது நாங்கண்ணே. உனக்கு என்ன செலவு?

— அட ஆமா! அப்போ நிதானமாவே பேசு. மாப்பிள்ளை தேர்தல்ல நிக்கிறாராமே, நல்லா இருக்காரா?

— இங்கதான் இருக்கேன் மச்சான்! நீங்க கொடுத்தனுப்பின ரெண்டு லட்சத்தை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். உங்க தங்கச்சிதான் சட்டம் பேசுறா, நீங்களே கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க!

— ரெண்டு லட்சமா? நானா? மாப்பிள்ளை, உங்க கல்யாணத்துக்கே நான் ஒரு வாழ்த்து அட்டைதானே அனுப்பினேன், அதுவும் ஸ்டாம்ப் ஒட்டாம!