பேச்சிக்கனி கழுத்துக்குள் போன சாராயம்

...இப்ப நம்ம மதுவிலக்குக் கூட்டத்துல அந்தக் கடைசி வரிசையில இருந்து ஒரு தம்பி கேட்டாரு. "சாராயத்தை விஷம்ங்கிறீங்களே, ஆஸ்பத்திரியில அதையே மருந்துன்னு ஊசியில போடுறாங்களாமே?" நல்ல கேள்வி. இதே கேள்வியில நானும் தலைசுத்திப் போய் நின்னவன்தான். அது ஒரு குட்டிக் கதை. காதைக் கொஞ்சம் இங்கிட்டுத் திருப்புங்க, சொல்லிடுறேன்.

என் கூடப் பிறந்த தங்கச்சி பேச்சிக்கனி. புருசனைச் சாராயத்துக்குப் பறிகொடுத்தவ. காரியம் முடிஞ்ச கையோட மாரியம்மன் முன்னால எரியுற சூடத்தை உள்ளங்கையால அணைச்சு, "இனி ஒரு சொட்டு என் உடம்புக்குள்ள போகாது, இந்தத் தெருவுக்குள்ள வராது"ன்னு சத்தியம் பண்ணினா. பொம்பளைங்களைச் சேர்த்துச் சங்கம் வெச்சா. பிடிச்ச சாராயத்தை என்ன செய்வா தெரியுமா? வாங்கினவன் கண்ணு முன்னாலயே சாக்கடையில ஊத்துவா! அவ தொண்டையைத் திறந்தா தெரு நடுங்கும்.

அந்தத் தொண்டையிலதான்... வந்துச்சு கட்டி.

எலுமிச்சங்காய் அளவு. சோறு இறங்கல. படுத்தா மூச்சு முட்டுது. டாக்டரம்மா ஸ்கேன் வெச்சுப் பார்த்தாங்க. "தைராய்டுல தண்ணிக் கட்டிம்மா. பரிசோதிச்சாச்சு, புத்துநோய் இல்லை"ன்னு ஊசியால உறிஞ்சி எடுத்தாங்க. கடுங்காப்பி மாதிரி வந்துச்சு. கட்டி வத்திருச்சு. ஆனா மறுபடி ஊறிருச்சு. திரும்ப எடுத்தாங்க. திரும்ப ஊறிருச்சு.

"தண்ணி நிக்கிற பை உள்ள இருக்கிற வரைக்கும் ஊறத்தான்மா செய்யும். தண்ணியை எடுத்துட்டு, ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே அதுக்குள்ள ஆல்கஹால் விட்டா, பை சுருங்கிடும்."

"ஆல்கஹால்னா?"

அந்தம்மா பொய் சொல்லல. "சாராயத்துல போதை ஏத்துதே, அதே பொருள்தான்மா. ஆனா சுத்தமானது."

பேச்சிக்கனி கட்டில்ல இருந்து குதிச்சா. செருப்பைக்கூட மாட்டல. "அண்ணே... வாங்க போவோம்!"

சங்கத்துப் பொம்பளைங்க கூடி உக்காந்தாங்க.

"குடிச்சாதான தப்பு? குத்தினா தப்பா?"

"ஏட்டி, ரெண்டும் கழுத்துலதான போகுது?"

"தொண்டை உள்ள இருக்கு. கட்டி வெளிய இருக்கு."

"வெளியன்னா தடவுனாப் போதுமே, எதுக்குக் குத்தணும்?"

சரி, அம்மனே சொல்லட்டும்னு வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாப் பொட்டலம் கட்டிப் போட்டு, ஒண்ணை எடுத்தாங்க. வெள்ளைப் பூ வந்துச்சு. அப்பாடான்னு நான் எழுந்தேன். ஒருத்தி நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. "ஐயோ, வெள்ளை வந்தா வேண்டாம்னுல்லா நான் நினைச்சேன்!" போச்சா? மறுபடியும் முதல்ல இருந்து!

இதுக்கு நடுவுல வந்தான் கொம்பையா. காலையிலயே ஆடிக்கிட்டு நிக்கிறவன். "யக்கா! டாக்டரே மருந்துன்னு சொல்லியாச்சு. நீங்க கழுத்துல போட்டுக்கோங்க, நாங்க வாயில போட்டுக்கிறோம். இனிமே எங்க பாட்டிலைத் தொடப்பிடாது!"

ஊசி போட்டா சங்கம் போச்சு. போடாட்டா மூச்சு போச்சு. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

ஒரு மத்தியானம் ஒரு வாய்ச் சோறு அடைச்சு, கண்ணு பிதுங்கிப் போச்சு அவளுக்கு. தண்ணி குடிச்சு, மூச்சு வாங்கி, மெல்லச் சொன்னா. "அண்ணே, கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு கேக்கணும்... போட்டதைத் திருப்பி எடுக்க முடியுமா?"

ஆஸ்பத்திரிக்குப் போய் அதையே கேட்டா. டாக்டரம்மா சிரிச்சாங்க. "கொஞ்ச நேரம் உள்ள வெச்சிட்டு, முக்கால்வாசியை உறிஞ்சி எடுத்திடுவேன்மா. ஆனா ஊசி உள்ள இருக்கும்போது பேசக்கூடாது. எச்சிலும் முழுங்கக்கூடாது."

பேச்சிக்கனி... பேசாம... படுத்திருந்தா! ஸ்கேன்ல நானும் பார்த்தேன். கறுப்பா ஒரு குளம். அதுக்குள்ள வெள்ளைக் கோடு மாதிரி ஊசி. டாக்டரம்மா கண்ணு அதை விட்டு அசையல. முடிஞ்சதும் உறிஞ்சி எடுத்ததைத் தூக்கிக் காட்டினாங்க. இவ வாயைத் திறக்காம விரலை நீட்டுறா. எங்க? கைகழுவுற தொட்டியை!

டாக்டரம்மாவுக்குப் புரியல. "ஊத்தச் சொல்றா தாயி"ன்னேன். அவ கண்ணு முன்னால ஊத்தினாங்க.

மாசம் ஆக ஆகக் கட்டி சுண்டிப் போச்சு. கொம்பையா விடுவானா? டீக்கடை முன்னால, அத்தனை பேருக்கு நடுவுல கேட்டான். "யக்கா, ஒரு சொட்டாவது உள்ள நின்னிருக்கும்லா? சத்தியம் என்னாச்சு?"

எல்லாரும் அவ வாயையே பார்க்கிறோம்.

"நின்னிருக்கும்டா. அது பட்ட இடத்துச் சதை செத்துரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. எனக்குக் கட்டிக்குள்ள போச்சு, கட்டி செத்துச்சு." அவன் பக்கம் ஒரு எட்டு வெச்சா. "உனக்கு எங்கடா போகுது?"

கொம்பையா கை... தானா வயித்துக்குப் போச்சு.

அவ சத்தியம் நின்னுச்சா, உடைஞ்சுச்சா? இன்னைக்கும் எனக்குத் தெரியாது. அது அவளுக்கும் அம்மனுக்கும். ஆனா மருந்தா, விஷமான்னு கேட்டீங்களே தம்பி... அது ரெண்டு பொருள் இல்லை. பட்டதைச் சாகடிக்கிற ஒரே பொருள். அங்க ஒரு டாக்டரம்மா உள்ள பார்த்துக்கிட்டே, சாகவேண்டிய இடத்துல மட்டும் விட்டாங்க. நீங்க ஊத்தும்போது உள்ள யாரு பாக்குறா? எது சாகணும்னு யாரு சொன்னா?

கூட்டம் முடிஞ்சு போற வழியில கடை திறந்துதான் இருக்கும். பரவாயில்ல. வயித்து மேல ஒரு கையை வெச்சுக்கிட்டு... அதைத் தாண்டிப் போங்க.