தணிகாசலம் வண்டிக்குச் சரியான ஃபில்டர்

ஆயில் ஃபில்டர் வாங்க வருகிறவர்கள் யாரும் நம்பர் சொல்லிக் கேட்பதில்லை. புடவையைக் கையோடு கொண்டுவந்து ஜாக்கெட் துணி பொருத்துவதைப் போல, கழற்றிய பழசைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து என் மேசைமேல் வைப்பார்கள். "இதே மாதிரி குடுபா" என்பார்கள். திருகுகிற மரை ஒன்றாக இருந்தால் போதும் என்பது அவர்கள் நினைப்பு. போதாது. ரப்பர் வளையத்தின் அகலம்தான் முக்கியம். அது எஞ்சினில் முழுசாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கசியும்.

நாளைக்குக் கோர்ட்டில் இதையெல்லாம் கேட்பார்கள். நாக்குத் தடுமாறக் கூடாது என்று உங்களிடம் ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். மெக்கானிக் மொஹசின் ஃபில்டரைச் சரியாக முடுக்காததால் ஒரு மனிதர் செத்தார் என்று வழக்கு. தீர்ப்பு எதிராக வந்தால் அவன் ஜெயிலுக்குப் போவான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஃபில்டரை விற்றவன் என்கிற முறையில் நான் சாட்சி. பெயர் கைலாசம், சிட்டிபாபுவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன்.

செத்தவர் முசரவாக்கம் தணிகாசலம். சொந்த டீசல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டினார். சித்திரையில் ஒருநாள் பழைய ஃபில்டரோடு வந்தார். கல்யாண சீசன், பட்டெடுக்க வெளியூர் வண்டிகள் வந்து குவிந்திருந்த நேரம். எனக்கு மூச்சுவிட நேரமில்லை. அதே மாடலில் பெட்ரோல் வண்டியும் உண்டு. இரண்டு ஃபில்டருக்கும் மரை ஒன்றுதான், பெட்ரோல் வண்டியுடையதில் வளையம் ஒரு நெல்மணி அகலம் சின்னது. நான் இரண்டையும் மேசைமேல் எடுத்து வைத்தேன், ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு கடை தள்ளி இருக்கிற மொஹசின் அதைப் பொருத்தினான். நான் கொடுத்த சாமானை அவன் திருப்பிப் பார்த்ததே இல்லை. அத்தனை நம்பிக்கை.

மறுநாள் காலையில் மேசை ஓரத்தில் டீசல் ஃபில்டர் உட்கார்ந்திருந்தது. அப்படியானால் நான் கொடுத்தது பெட்ரோல் வண்டியுடையது.

போனைக் கையில் எடுத்தேன். அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்கு முந்தின மாசம்தான் ஒரு பிரேக் சாமானை மாற்றிக் கொடுத்துவிட்டு, கடை நிறைய ஆள் இருக்கும்போது சிட்டிபாபுவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா நீ வூட்டாண்டயே இருந்துக்கோ கைலாசம்" என்றார். ஐம்பத்து நாலு வயசில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்? எனக்கு வேறு தொழிலும் தெரியாது. போனை வைத்துவிட்டேன். அடுத்த ஆயில் மாற்றும்போது சத்தமில்லாமல் சரியானதைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நியாயமான முடிவுதான்.

அடுத்து வந்த நாட்களில் நான் பட்ட பாட்டை யாரும் கேட்கவில்லை. தினம் காலையில் அந்த வெள்ளைக் கார் கடையைத் தாண்டிப் போகும். தணிகாசலம் ஹாரன் அடித்துக் கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். பின் சீட்டில் சில நாள் குழந்தைகள் இருக்கும். சாயங்காலம் அந்தக் கார் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. இத்தனைக்கும் ஒரு வார்த்தை வெளியில் விடாமல் இருந்தேன். அது சுலபம் என்று நினைக்காதீர்கள்.

முப்பத்தெட்டாவது நாள், ஒரு சனிக்கிழமை, அவரே கடைக்கு வந்தார்.

"இன்னா கைலாசம், வண்டி நிக்கிற எடத்துல ரெண்டு சொட்டு எண்ண கீதுபா. ஃபில்டராண்ட கசியுதா?"

"ஊத்தும்போது வழிஞ்சிருக்கும்ணா. சூட்டுல எரிஞ்சிடும்."

"இல்ல, எதுக்கும் மொஹசினாண்ட காட்டிட்டுப் போறேன். பேத்திய இட்டார மெட்ராஸ் போறேன், பச்சக் கொழந்த."

மொஹசின் பார்த்தால் ஃபில்டரைக் கழற்றுவான். கழற்றினால் நம்பரைப் பார்ப்பான். பார்த்தால் என் வேலை போகும். ஆனால் குரல் நன்றாகவே வந்தது, எனக்கே ஆச்சரியம்.

"மொஹசின் இல்லணா, வாலாஜாவுல கல்யாணம்னு போயிருக்கான். நீங்க போயிட்டு வாங்க. திங்கக்கெழம நானே கூட நின்னு பாக்கச் சொல்றேன்."

அந்த நேரத்தில் மொஹசின் தன் கடையில் எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. தணிகாசலத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். சரிபா என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை நிச்சயமாக மாற்றியிருப்பேன். அந்த எண்ணம் எனக்கு முழுசாக இருந்தது.

போகும் வழியிலேயே பைபாஸில் வளையம் பிதுங்கி எண்ணெய் மொத்தமும் கொட்டிவிட்டது. எஞ்சின் இறுகி, ஓடுகிற கார் நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கார் முன்பக்கம் கசங்கவே இல்லை என்று சொன்னார்கள். பேத்தி வண்டியில் இல்லை. அதற்காக நான் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டேன்.

காரை ஸ்டேஷன் சுவரோரம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வாகன ஆய்வாளர் செவ்வாய்க்கிழமை வருவார் என்று கேள்விப்பட்டேன். திங்கட்கிழமை கருட சேவை. ஊரில் இருந்த போலீஸ் முழுக்க சாமி போகிற தெருக்களில் நின்றது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாக ஃபில்டர் தேர்ந்தெடுத்ததில்லை. புதுசு உதவாது. கழற்றிப்போட்ட பழசுகளில் டீசல் வண்டியுடையதாக, அதே கம்பெனியாக, அதே அளவு கறுத்ததாக ஒன்றைத் தேடி எடுத்தேன். சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு, காலை பத்து மணி வெயிலில், காருக்கு அடியில் படுத்தேன். தூரத்தில் மேளம் கேட்டது. யாராவது "யாரது" என்று கேட்டால் அங்கேயே உயிர் போயிருக்கும்.

அங்கே ஒன்றைப் பார்த்தேன். மொஹசின் ஃபில்டரை முடுக்கியபிறகு அதன்மேலும் எஞ்சின்மேலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருந்தான். ஃபில்டர் கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். பிரியவே இல்லை. ஒரு மயிரிழைகூட விலகாமல் நேராக இருந்தது. தன் வேலையை அவன் அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தான்.

எஞ்சின்மேல் இருந்த கோட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். சரியான ஃபில்டரைப் பொருத்தினேன். முடுக்கவில்லை. முடுக்கினால் எண்ணெய் ஏன் கொட்டியது என்ற கேள்வி வரும் இல்லையா. கழற்றியதை வேகவதிப் பாலத்திலிருந்து தூக்கிப் போட்டேன்.

சாமான் சரி, பொருத்தியதில் அலட்சியம் என்று ஆய்வாளர் எழுதினார். முடுக்காத ஃபில்டர் முப்பத்தெட்டு நாள் எப்படித் தாங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. சிட்டிபாபு என் தோளைத் தட்டி, "நல்லவேள, நம்ம கடமேல பழி வரல" என்றார்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. மொஹசின் ஜாமீனில் வந்து கடையைத் திறந்தான், ஆனால் வண்டி வருவதில்லை. வருகிற ஒன்றிரண்டிலும் ஒவ்வொரு போல்ட்டையும் நாலு தடவை முடுக்கிப் பார்க்கிறான். போன வாரம் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"கோடு போட்டேன்னுதான் நெனச்சேன்ணா. போடலியாம். என் கையாலதான் அவரு செத்துட்டாரு போல."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என் நெஞ்சு அடித்துக்கொண்டது அவனுக்குக் கேட்டிருக்குமோ என்று இன்னும் பயமாக இருக்கிறது. "மனுஷன்னா மறதி வரும் மொஹசின்" என்று ஆறுதல் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது. நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை.

இன்று மத்தியானம் அவன் மனைவி நிக்கத் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்களுக்காக ஒரு பொய்யும் வாணாம்ணா. உங்களுக்குத் தெரிஞ்ச உண்மைய மட்டும் சொல்லுங்க, அல்லா பாத்துப்பான். ஊர்ல எல்லாரும் உங்க பேச்சத்தான் நம்புவாங்க."

சொல்கிறேன்மா என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். நாளைக்கு வக்கீல் அந்த ஃபில்டரைக் கையில் எடுத்துக் காட்டுவார், இந்த வண்டிக்கு இதுதான் சரியானதா என்று கேட்பார். ஆமாம் ஐயா, இதுதான் சரியானது என்பேன். கொடுத்த வாக்கை மீறுகிற பழக்கம் எனக்கு இல்லை.