ஒரு வார்த்தை விடாமல்

— ஏம்மா, சட்டக் குழுத் தலைவர் நான். என்னைப் பார்த்தா வாயை மூடச் சொல்றே?

— நான் சொல்லலை ஐயா, இந்தத் தையல்காரம்மா சொல்றாங்க. அவங்களுக்குக் காது கேக்காது. அவங்க கையால பேசறதை நான் வாயால சொல்றேன். நீங்க வாயால பேசறதைக் கையால சொல்றேன். ஒரு வார்த்தை விடக்கூடாது, அதான் என் தொழில்.

— சரி, கேளு. ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் உன்னை மாதிரி சைகைமொழி ஆள் இருக்கணும்னு போட்ட சட்டம் இனியும் எதுக்கு? அதை விசாரிக்கத்தானே இந்தக் குழு. எழுதிக் காட்டினா ஆகாதா? வீட்டு ஆள் கூட வந்தா ஆகாதா?

— ‘வந்தாளே என் மக! சட்டம் வர்றதுக்கு முன்னாடி, அவ வாத்தியார் பேசறதை அவதான் எனக்குச் சொன்னா. அவர் மேசையைத் தட்டித் தட்டிப் பேசுவார். இவ, “நான்தான் வகுப்புலயே கெட்டிக்காரின்னு பூரிச்சுப் போறார்மா”ன்னுவா. நானும் அவரைக் கும்பிட்டுட்டு வருவேன். சட்டம் வந்துச்சு, இந்த அம்மா வந்தாங்க. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, என் மக கணக்குல முட்டை!’

— ஹஹ்ஹா! கெட்டிக்காரிதான்!

— ‘சிரிங்க, நானும் சிரிச்சேன். டாக்டர் சொல்றதை யாராவது மாத்திச் சொன்னா சிரிக்க முடியுமா? இரக்கம் ஆளுக்கு ஆள் மாறும், தலைவரே. இன்னிக்கு இருக்கும், நாளைக்குக் கதவைச் சாத்தும். சாத்தின கதவை எங்களுக்காகத் தட்டறதுக்குத்தான் சட்டம். அதுல கை வைக்காதீங்க!’

— அருமை, அருமை! ...செயலாளரே, இப்படிக் குனியுங்க. நேத்தே முடிவானதுதானே? சட்டம் வேண்டாம்னு மேலே எழுதிடுவோம். இன்னும் ரெண்டு பேரைப் பேசவிட்டு ஒப்பேத்துங்க... அடடே, பின்வரிசை முழுக்க ஏன் சிரிக்குது?

— நீங்க செயலாளர் காதுல சொன்னதைக் கையால சொன்னேன் ஐயா. பின்வரிசையில இருக்கறவங்களும் காது கேக்காதவங்கதான்.

— அது ரகசியம்மா!

— ரகசியம்னு சொன்னதையும் சொல்லிட்டேன்.

— ஐயையோ, கையை நிறுத்து!

— நிறுத்திட்டேன் ஐயா. உங்க முடிவுப்படி நான்தான் வேண்டாத ஆளாச்சே. வரட்டுமா?

— இரு, இரு! எல்லாரும் எழுந்துட்டாங்களே! தையல்காரம்மா என்னைப் பார்த்துக் கையை வீசறாங்களே, திட்டறாங்களா, வாழ்த்தறாங்களா? இந்தாங்கம்மா காகிதம், எழுதிக் காட்டுங்க... அட, காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கலையே! ஏம்மா, போயிடாதே. நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே விளங்கலை!

— அதையும் அப்படியே சொல்லிட்டேன் ஐயா. அம்மா கேக்கறாங்க: ‘இந்தச் சட்டம் ஏன் வேணும்னு மேலே எழுதறப்ப, தலைவர் கடைசியாச் சொன்னதையே போட்டுக்கலாமா?’