கடைசி வீட்டுப் பெண்ணைப் பற்றிய கூட்டம்

நான் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். வயது முப்பத்தெட்டு. கணவர் இல்லை. ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில், கடைசி வீட்டில், பதினாறு வயது மகளுடன் வசிக்கிறேன். நேற்றுச் சமுதாயக் கூடத்தில் மேசையைக் கவிழ்த்தது பற்றிக் காவல் நிலையத்தில் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

எங்கள் பகுதியில் படிக்கிற வயதுப் பெண்கள் கர்ப்பமாவதைத் தடுக்க, தலைமையாசிரியை, மருத்துவமனை நர்ஸ், குடியிருப்புச் சங்கத் தலைவர், இந்தக் காவல் நிலையத்துக்காரர் ஒருவர் எல்லாரும் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறார்கள். ஒருவர் காதுக்கு வந்தது எல்லார் காதுக்கும் போக வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. எண்ணம் நல்லதுதான். போன வருடம் என் மகள் நர்ஸிடம் தனியாகப் போய், கர்ப்பம் ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். நர்ஸ் அதை ஏற்பாட்டின்படி குழுவில் சொல்ல, அதன் பிறகு சங்கத் தலைவர் தன் வீட்டில் சொல்ல, அவர் மனைவி குழாயடியில் சொல்ல, கடைசியில் கடைக்குத் துணி கொண்டு வந்த ஒருத்தி என்னிடம், "பொண்ண கொஞ்சம் அடக்கி வைக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அதன் பிறகு மகள் மருத்துவமனைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

நேற்றுக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பெற்றோரும் கைகோக்க வேண்டுமாம். தலைமையாசிரியை எழுந்து, "பேரெல்லாம் சொல்ல மாட்டோம், அதுல நாங்க கறாரா இருக்கோம். பாதைக்குப் பின்னால, கடைசி வீட்டுப் பொண்ணு ஒண்ணு" என்று ஆரம்பித்தார். கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. அதன் பிறகு சங்கத் தலைவர், அந்தப் பெண் முன்னாலேயே நம்மிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்றார். "வந்தாளே" என்றேன். நர்ஸ் தலைகுனிந்துகொண்டார். மற்றவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். எழுந்து போய் மேசையைக் கவிழ்த்தேன். தேநீர் தலைமையாசிரியையின் மேல் கொட்டியது. அது ஆறிப்போன தேநீர்தான்.

இதற்குக் காரணமானவன் யார் என்று கேட்கிறீர்கள். எனக்கும் தெரிய வேண்டும், அவனை நான் சும்மா விடப்போவதில்லை. ஆனால் மகள் வாய் திறக்க மறுக்கிறாள். இன்று காலையும் கெஞ்சிக் கேட்டேன். "உங்கிட்ட சொன்னா நீ போலீஸ்ல சொல்லுவ. அவங்க குழுவுல சொல்லுவாங்க. விட்டுடும்மா" என்றாள்.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, இட்டுக்கட்டியது ஏதுமில்லை. இதைக் குழுவில் வாசிக்கக் கூடாது என்று கேட்டு, கேட்டதையும் எழுதச் சொல்லி, கையொப்பமிடுகிறேன்.

(கையொப்பம்)