ஆறாத ஈறு

வாசிதி: ஆ காட்டு. இன்னும் பெரிசா... சர்ச்சுல பாடறப்ப திறப்பியே, அந்த மாதிரி.

இனோக்கே: ஆ...

வாசிதி: ஈறு வீங்கின மாதிரியே தெரியலையே.

இனோக்கே: உள்ள இருக்கு. தொட்டாதான் தெரியும்.

வாசிதி: தொட மாட்டேன். கடிச்சாலும் கடிப்பே.

இனோக்கே: அத்தை மகன் கடிச்சா ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க.

வாசிதி: எங்க அண்ணன் கேப்பான். இந்தா, கஷாயம். வாயில வெச்சு நல்லா... ஐயோ! ஏய்!

இனோக்கே: என்ன?

வாசிதி: கொட்டாங்குச்சியைக் கண்டா போதும், கையைத் தட்டி ஒரே மடக்கா முழுங்கிடறதா? இது என்ன ஊர்க்கூட்டத்துல குடிக்கிற யங்கோனா பானமா? கொப்பளிச்சுத் துப்பச் சொன்னா...

இனோக்கே: கை பழகிப் போச்சு. இதுல குடுத்தது உன் தப்பு.

வாசிதி: தினமும் இதே கூத்து. உனக்கு ஈறு என்ன வயித்துலயா இருக்கு?

இனோக்கே: முன்னெல்லாம் இந்தக் கொய்யாக் கொழுந்துக் கஷாயம் நாக்கை இழுக்கும். இப்ப நல்லாத்தான் இருக்கு... ஆமா, புதுப் பாய் விரிச்சிருக்கே. யாராவது வந்தாங்களா?

வாசிதி: பேச்சை மாத்தாதே. ஆஸ்பத்திரிப் படகு வந்தப்ப பல் டாக்டரைப் பாத்தியா?

இனோக்கே: பாத்தேன். அழுக்கெல்லாம் சுரண்டி எடுத்தார்.

வாசிதி: அப்ப ஆறியிருக்கணும். ஆறினா என்ன வழக்கம்? மீன், சேப்பங்கிழங்கு எல்லாம் கொண்டு வந்து எனக்கு விருந்து வெக்கணும். அதோட மருந்து முடிஞ்சுது. நீ உன் வழியைப் பாத்துக்கிட்டு...

இனோக்கே: ஆறலை.

வாசிதி: மூச்சு கூட விடாம சொல்றே.

இனோக்கே: ரத்தம் வருது வாசிதி. இதோ, துப்பிக் காட்டறேன் பாரு.

வாசிதி: அட, சிவப்பாத்தான் இருக்கு... இரு, அசையாதே. பல் இடுக்குல என்ன அது?

இனோக்கே: எது?

வாசிதி: செம்பருத்தி இதழ்.

இனோக்கே: அது... காத்துல பறந்து வந்து விழுந்திருக்கும்.

வாசிதி: எங்க வேலியில ஒரு பூ நிக்கலை. ஆடு மேயுதுன்னு அம்மா கல்லும் கையுமா காத்திருக்காங்க.

இனோக்கே: மெதுவா பேசேன்! சரி... ஆறிடுச்சு. விருந்து வெச்சுட்டா, நாளைக்கு என்ன சொல்லிக்கிட்டு இந்தப் படி ஏறுவேன்? சுவா பட்டணத்துலேர்ந்து திமிங்கிலப் பல்லோட உன்னைப் பொண்ணு கேட்டு வர்றாங்கன்னு வேற பேசிக்கிறாங்க.

வாசிதி: வந்துட்டுப் போயாச்சு. அந்தப் பாய் அவங்களுக்கு விரிச்சதுதான். பெரிய பல். உன் பல்லு மாதிரி இல்லை, பளபளன்னு இருந்துது.

இனோக்கே: மாமா... பல்லை வாங்கிக்கிட்டுச் சம்மதம் சொல்லிட்டாரா?

வாசிதி: உனக்கென்ன?

இனோக்கே: விளையாடாதே வாசிதி. எனக்குச் சோறு தண்ணி இறங்கலை.

வாசிதி: கஷாயம் மட்டும் இறங்குதாக்கும்.

இனோக்கே: சொல்லேன்!

வாசிதி: அப்பா என் முகத்தைப் பாத்தார். நான் உம்முனு தலை நிமிராம இருந்தேன். பல்லைத் திருப்பிக் குடுத்து அனுப்பிட்டார்.

இனோக்கே: அப்ப... எங்க பெரியப்பாகிட்ட ஒரு திமிங்கிலப் பல் இருக்கு. சின்னது. பழுப்பேறிப் போனது. அது போதுமா?

வாசிதி: சீக்கிரம் எடுத்துட்டு வரச் சொல்லு. கொய்யாக் கொழுந்தை நான் எப்பவோ நிறுத்திட்டேன். நீ கை தட்டித் தட்டிக் குடிச்சதெல்லாம் எலுமிச்சை இலை டீ. எங்க மரமே மொட்டையாயிடுச்சு... இனிமே எதைக் கொதிக்க வெச்சு உன்னை வரவழைக்கிறது?